கிராம சபை நேரலை: மனுவில் கையெழுத்துப் போட வாங்க

ஊர் மக்களுக்கு வணக்கம். அக்டோபர் 2 கிராம சபையை யூடியூபில் நேரலையாகக் காட்டச் சொல்லி ஊராட்சித் தலைவரிடம் மனு கொடுக்கிறோம். திருப்பூர், சென்னை, துபாய்னு வேலைக்குப் போன நம்ம பிள்ளைகளும் பார்க்கட்டும். உச்ச நீதிமன்றமே 2022 முதல் அரசியல் சாசன அமர்வு விசாரணையை நேரலையில் காட்டுது. நமக்கு ஒரு செல்போனும் ஸ்டாண்டும் போதும்.

ஆனா படம் மட்டும் தெரிஞ்சா பத்தாது. வரவு செலவு வாசிக்கிறவங்க கையில் மைக் இருக்கணும். போன தடவை "தெருவிளக்கு பராமரிப்பு" வரைக்கும் காதில் விழுந்துச்சு, தொகை விழல (சரியா அப்பத்தான் டீ வந்துச்சு!). தீர்மானப் பதிவேட்டின் பக்கங்களையும் அன்னைக்கே படம் எடுத்து இந்தக் குழுவில் போடணும்னு மனுவில் சேர்த்திருக்கோம். தீர்மானம் எழுதாத வெறும் பக்கத்தில் யாரும் கையெழுத்துப் போடாதீங்க.

பயனாளிகளோட ஆதார், போன் நம்பர் கேமராவில் விழக்கூடாதுன்னும் கேட்டிருக்கோம்.

லைவ் இருக்கேன்னு உள்ளூர்க்காரங்க வீட்லயே உட்கார்ந்துடாதீங்க. கோரத்துக்கு (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆள் கணக்கு) நேர்ல வந்த தலைகளைத்தான் எண்ணுவாங்க.

கையெழுத்துப் போட ஞாயிறு காலை 10 மணிக்கு நூலகத்துக்கு வாங்க. வெளியூரில் இருக்கிறவங்க பெயரும் வார்டு எண்ணும் இங்கே போடுங்க.