பூச்சிமருந்துப் பெட்டியில் இறாலுக்கும் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆற்று மாசு என்றால் நம் பத்திரிகைகளில் சாயக் கழிவு, தோல் கழிவு, சாக்கடை இந்த மூன்றும்தான் வருகின்றன. வரவேண்டியதுதான், நொய்யலையும் பாலாற்றையும் பற்றி இன்னும் எத்தனை எழுதினாலும் தகும். ஆனால் நிறமும் நாற்றமும் இல்லாமல் தெளிந்த தண்ணீரிலேயே நடக்கிற சாவு ஒன்று இருக்கிறது. வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து வாய்க்காலில் இறங்கி இறாலையும் நண்டையும் கொல்வதைச் சொல்கிறேன். அதைப் பற்றி உங்கள் இதழிலும் அதிகம் படித்ததில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே கிரேஃபிஷ் என்று ஒரு நன்னீர் உயிர், பெரிய இறாலுக்கு நண்டின் கொடுக்கு முளைத்தது போல இருக்கும், நம் ஆறுகளில் இயல்பாகக் கிடையாது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது வெறும் உணவு மட்டும் இல்லை, உறவுகளைக் கூப்பிட்டு அண்டாவில் வேகவைத்துச் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து. அதை நெல் வயலிலேயே வளர்க்கிறார்கள். தண்ணீர் வடிந்ததும் கிரேஃபிஷ் வளை தோண்டி உள்ளே போய்விடும், பெட்டை முட்டைகளைத் தன் வாலுக்கடியில் ஒட்டவைத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும், நெல் அறுத்த பிறகு அக்டோபர் வாக்கில் வயலில் மறுபடி தண்ணீர் கட்டினால் குஞ்சுகளோடு வெளியே வந்து, நெல் தாள் அழுகுவதில் உண்டாகிற புழு பூச்சிகளைத் தின்று வளரும். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் கூடு வைத்துப் பிடிப்பார்கள். ஒரே வயலில் நெல், அப்புறம் கிரேஃபிஷ்.

1999-ல் நெல்லின் வேரைத் தின்கிற ஒரு வண்டுக்காக விதையிலேயே ஃபிப்ரோனில் என்ற மருந்தைப் பூசி விதைத்தார்கள். வண்டு போயிற்று, கூடவே கிரேஃபிஷும் போயிற்று. அடுத்த பருவத்தில் கூடுகள் வெறுமையாக மேலே வந்தன. விவசாயிகள் சும்மா இருக்கவில்லை, சேர்ந்து வழக்குப் போட்டார்கள், 2004-ல் மருந்தைத் தயாரித்த நிறுவனம் 4.5 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்து வழக்கை முடித்துக்கொண்டது. நெல் விதைக்கு அந்த மருந்து பூசுவதும் அங்கே நின்றுபோனது.

ஃபிப்ரோனில் நமக்கு ஒன்றும் புதுப் பெயர் இல்லை. குருத்துப்புழுவுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குருணையாகவும் திரவமாகவும் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிறது, நெல்லுக்கு என்றே அனுமதி பெற்றது. லூசியானாவில் கிரேஃபிஷுக்குச் சந்தை விலை இருந்தது, அதனால் நஷ்டத்தைக் கணக்குப் போட்டுக் கேட்க ஆள் இருந்தார்கள். நம் வாய்க்காலில் துள்ளுகிற கூனி இறாலுக்கும் வரப்பு நண்டுக்கும் சொந்தக்காரர் யார்? நடவுக்குப் போன பெண்கள் வேலை முடிந்து மடியில் நண்டு கட்டிக்கொண்டு வருவார்கள், அன்றைக்கு ராத்திரி அவர்கள் வீட்டில் நண்டு ரசம். அது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாத வருமானம். அது இல்லாமல் போனதும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இவற்றைக் கொல்ல எவ்வளவு கொஞ்சம் மருந்து போதும் என்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம். இங்கிலாந்தில் கென்னட் என்று ஒரு ஆறு, சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறி வருகிற கண்ணாடி மாதிரித் தண்ணீர். 2013 ஜூலையில் மார்ல்பரோ என்ற ஊரின் கழிவுநீர் நிலையம் வழியாகக் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து அந்த ஆற்றில் கலந்தது. இரண்டு மேசைக்கரண்டி அளவுதான் இருக்கும் என்று கணித்தார்கள். அதற்கே சுமார் 15 கிலோமீட்டர் தூரம் நீர்ப்பூச்சிகளும் நன்னீர் இறால்களும் அழிந்தன. மீன் செத்து மிதக்கவில்லை, தண்ணீர் கலங்கவில்லை, கரையில் நடந்து போனவர்களுக்கு ஆறு அழகாகத்தான் தெரிந்திருக்கும். உள்ளூர்த் தன்னார்வலர்கள் வழக்கம்போல வலையை வைத்து ஆற்றின் அடியைக் காலால் கிளறிப் பூச்சி எண்ணப் போனதால்தான் விஷயமே வெளியே வந்தது. அப்படி எண்ணுகிறவர்கள் நம் வெண்ணாற்றிலும் வெட்டாற்றிலும் எத்தனை பேர்?

மீன் தப்பிக்கும்போது இறால் மட்டும் ஏன் சாகிறது என்று கேட்கலாம். பூச்சி, நண்டு, இறால், கிரேஃபிஷ் எல்லாம் கணுக்காலிகள், ஒரே வம்சம். பூச்சியின் நரம்பைக் குறிவைத்துச் செய்த மருந்துக்கு இறாலின் நரம்பும் அதே பூட்டுதான். இன்னொன்று, இவை வளர வேண்டுமானால் ஓட்டைக் கழற்றியாக வேண்டும். கிரேஃபிஷ் ஓடு கழற்றுவதற்கு முன்னால் பழைய ஓட்டின் சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சி வயிற்றுக்குள் இரண்டு வெள்ளைக் கற்களாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும், கழற்றிய பிறகு அந்தக் கல்லைக் கரைத்துப் புது ஓட்டை இறுக வைக்கும். அந்த இடைப்பட்ட நேரத்தில் உடம்பு கூழ் மாதிரி மெத்தென்று இருக்கும், நகரவும் முடியாது, ஒளிந்துதான் கிடக்க வேண்டும், தண்ணீரில் இருப்பது எதுவானாலும் உடம்பில் சுலபமாக ஏறிவிடும். நம் இறாலும் நண்டும் இதே போல ஓடு கழற்றி வளர்பவைதான். இந்த ஓடு உருவாவதையே தடுக்கிற மருந்துகளும் உண்டு, புகையானுக்கு அடிக்கிற புப்ரோஃபெசின் அந்த வகை.

தும்பி போன்ற பூச்சிகள் பறந்து வந்து செத்த ஆற்றில் மறுபடி முட்டையிட்டுவிடும். கிரேஃபிஷ் குஞ்சு தாயின் வாலில் தொங்கிக்கொண்டே வளர்வது, பிறகு நடந்துதான் போக வேண்டும். ஒரு ஓடையில் அடியோடு அழிந்தால் திரும்பி வர வருஷக்கணக்காகும். இங்கிலாந்தின் சொந்த இனமான வெள்ளைக்கொடுக்குக் கிரேஃபிஷ் அங்கங்கே இப்படி அழிந்திருக்கிறது, உண்ணி போகச் செம்மறியாட்டை முக்கியெடுக்கிற சைபர்மெத்ரின் என்ற மருந்து ஓடையில் கலந்ததும் அதற்கு ஒரு காரணம். கடைசியில் 2006-ல் அந்த முக்குமருந்தின் விற்பனையையே நிறுத்தி வைத்தார்கள்.

நம் ஊரில் நடப்பதைச் சொல்லவா? மருந்தடித்து முடித்ததும் கைத்தெளிப்பானை நேரே வாய்க்காலுக்குத்தான் கொண்டுபோகிறார்கள். மிச்சத்தைக் கவிழ்த்து, டேங்கை அலசி, மூடியையும் கழுவி, அதே தண்ணீரில் கை காலையும் கழுவிக்கொண்டு கரையேறுகிறார்கள். வெள்ளையாக ஒரு நுரை கரையோரப் புல்லை ஒட்டிப் போகும். அது போன வழியில் சற்று நேரம் நின்று பார்த்தால் கண்ணாடிக் கூனிகள் பக்கவாட்டில் சாய்ந்து காலை உதறுவது தெரியும், ஒரு சில துள்ளிக் கரையிலேயே விழும். அடிப்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, கூலிக்கு அடிக்கிற அவர்களுக்கே கையுறை கூடக் கிடையாது, கழுவ வேறு தண்ணீருக்கு எங்கே போவார்கள்?

"நண்டோட நெல், நரியோட கரும்பு" என்று நடவு இடைவெளிக்கே நண்டை அளவாக வைத்தவர்கள் நம் முன்னோர். வரப்பில் வளை போட்டுத் தண்ணீரைக் கசியவிடும் என்று நண்டின் மேல் அவர்களுக்கும் கோபம் உண்டு, ஆனாலும் பிடித்துச் சாப்பிட்டார்களே தவிர வயலையே விஷமாக்கவில்லை.

என் கோரிக்கை இதுதான். பூச்சிமருந்துப் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஒரு நிறக் குறி இருக்கிறதே, அது பாலூட்டிகளின் வயிற்றுக்குள் போனாலோ தோலில் பட்டாலோ எவ்வளவு விஷம் என்பதை வைத்துப் போட்டது. இறாலுக்கும் நண்டுக்கும் என்ன ஆகும் என்று அந்த நிறம் சொல்லாது. அமெரிக்காவில் நெல்லுக்கு விற்கிற பைரித்ராய்டு மருந்தில் (மேலே சொன்ன சைபர்மெத்ரினும் அந்த வகைதான்), இதை அடித்த வயலில் கிரேஃபிஷ் வளர்க்காதே, இத்தனை நாள் தண்ணீரை வெளியே விடாதே என்று தெளிவாக எழுதியிருக்கும். நமக்கும் தமிழில், பெரிய எழுத்தில், எத்தனை நாள் மடையை அடைத்து வைக்க வேண்டும் என்று பெட்டியின் மேலேயே வேண்டும், உள்ளே மடித்து வைக்கிற பொடி எழுத்துக் காகிதத்தில் போட்டால் யார் படிப்பது?

மருந்தே அடிக்காதே என்று நான் சொல்லவில்லை, நானும் நெல் போடுகிறவன்தான். லூசியானாவில் ஃபிப்ரோனில் போன பிறகு வேறு மருந்துகளைத் தேடி ஆய்வு செய்தார்கள், குளோரான்ட்ரானிலிப்ரோல் என்பது பைரித்ராய்டுகளைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் கிரேஃபிஷுக்குக் குறைந்த விஷம் என்று கண்டார்கள். அது நம் கடைகளிலும் இருக்கிறது, விலைதான் கூட. மானியம் கொடுக்கிற அரசு இதற்குக் கொடுக்கட்டும், ஆனால் அதற்கு முன்னால் நம் கூனியையும் நம் வயல் நண்டையும் வைத்து இங்கேயே சோதித்துப் பார்க்கட்டும், அமெரிக்கக் கிரேஃபிஷுக்குப் பொருந்துவது அப்படியே இதற்கும் பொருந்த வேண்டும் என்றில்லை. வாய்க்கால் தண்ணீரைச் சோதிக்கும்போது பிஓடியும் (தண்ணீரில் உள்ள அழுக்கு மக்குவதற்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற அளவு) ஆக்சிஜனும் மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதாமல், மருந்தடிக்கிற வாரங்களில் பூச்சிமருந்தையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

உங்கள் நிருபர் ஒருவரைச் சம்பாப் பயிருக்கு மருந்தடிக்கிற நேரத்தில் டெல்டாவுக்கு அனுப்புங்கள். அதிகாரிகளைப் பார்ப்பதற்கு முன்னால் நண்டு பிடித்துப் பழகிய பெண்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் நடக்கச் சொல்லுங்கள். எந்த வாய்க்காலில் எப்போதிலிருந்து இறால் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.