காமாலை என்றதும் ஆட்டுப்பட்டியைப் பற்றியும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கம் ஆடு வளர்க்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். கடந்த தை மாதம் எங்கள் பட்டியில் இரண்டு வெள்ளாடுகள் குறைமாதத்தில் குட்டி வீசின. செத்த குட்டிகளையும் நஞ்சுக்கொடியையும் என் தம்பி வெறுங்கையால் அள்ளிக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு, பட்டியைக் கூட்டிப் பெருக்கினான். மூன்றாம் வாரம் அவனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. நெற்றியில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு படுக்கும் அளவுக்குத் தலைவலி. எட்டாம் நாள் சிறுநீர் நல்லெண்ணெய் நிறத்தில் போயிற்று, கண்ணும் மஞ்சளித்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்துப் பத்தியம் வைத்தோம். காய்ச்சல் விடவில்லை.

மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். வைரஸ் காமாலை, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் என எல்லாவற்றுக்கும் சோதித்து, எதுவும் இல்லை என்றார்கள். ஐந்தாம் நாள் பணிக்கு வந்த ஓர் இளம் மருத்துவர்தான், "வீட்டில் ஆடு உண்டா? அண்மையில் குட்டி போட்டதா?" என்று கேட்டார். அன்றிரவே டாக்சிசைக்ளின் என்னும் பாக்டீரியாக்கொல்லி மாத்திரை தொடங்கப்பட்டது. மூன்றே நாளில் காய்ச்சல் இறங்கியது. வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிய ரத்தத்தின் முடிவு, அது கியூ காய்ச்சல் என்று பின்னர் உறுதி செய்தது.

1930களில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர இறைச்சிக்கூடத் தொழிலாளர்களிடம் முதலில் கண்டறியப்பட்ட இந்நோய்க்குக் காக்சியெல்லா பர்னெட்டி என்னும் பாக்டீரியா காரணம். ஆடு மாடுகள் ஈனும்போது வெளிவரும் நீரிலும் நஞ்சுக்கொடியிலும் இக்கிருமி பெருமளவில் இருக்கும். அவை காய்ந்து தூசியோடு பறக்கும்போது மூச்சுவழியே மனிதரைத் தொற்றும். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை ஆட்டுப்பண்ணைகளிலிருந்து பரவி 4,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டதே இதன் வீச்சுக்குச் சான்று. இது நுரையீரலைத் தாக்குவதுபோலவே கல்லீரலையும் தாக்கும். கல்லீரல் வீங்கினாலும் பலருக்குக் கண் மஞ்சளிப்பதில்லை, ரத்தப் பரிசோதனையில் மட்டுமே தெரியும். சிலருக்குத்தான் என் தம்பியைப்போல் காமாலையாக வெளிப்படுகிறது. அப்போது எல்லோர் கவனமும் காமாலையின் மீதே போய்விடுகிறது என்பதுதான் என் கவலை.

எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக்காய்ச்சலுக்கும் டாக்சிசைக்ளின்தானே கொடுக்கிறோம், பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்கலாம். தெரிந்தாக வேண்டும். இதய வால்வில் குறை உள்ளவர்களிடம் இக்கிருமி தங்கிவிட்டால் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கு மேலும் மருந்து தேவைப்படும். கருவுற்ற பெண்களுக்குக் கருச்சிதைவும் நேரலாம்.

மதுரையைச் சுற்றி ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளும், திருமங்கலம் ஆட்டுச்சந்தைக்கு வருவோரும், வீட்டுக்கு இரண்டு ஆடு வைத்திருக்கும் பெண்களும் எத்தனை பேர்! மாட்டின் நஞ்சுக்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அதை ஆழக் குழிதோண்டிப் புதைக்கவும், குட்டி வீசிய பட்டியில் மூக்கையும் வாயையும் மூடி, கையுறையோடு வேலை செய்யவும், கருவுற்ற பெண்களை அவ்வேலையிலிருந்து விலக்கவும் கால்நடை மருந்தகங்கள் சொல்லித்தர வேண்டும். காய்ச்சலோடு காமாலை என்று வருவோரிடம் ஆடு மாடு உண்டா என்று கேட்பதை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வழக்கமாக்க வேண்டும்.

என் தம்பி 14 நாள் மாத்திரையை முடித்துவிட்டான். கிருமி உடலில் தங்கவில்லை என்று உறுதி செய்ய இன்னும் சில மாதங்கள் ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் மாதிரியை வெளியூருக்கு அனுப்பிக் காத்திருக்கும் நிலை மாற, அரசு மருத்துவமனை வழியாகவே இச்சோதனை கிடைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.