கறுப்புப் பூனை மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விலங்கு உருவில் வந்து சூனியக்காரிகளுக்குப் பணி செய்வதாக நம்பப்பட்ட ஏவல் ஆவிகளைப் பற்றிய தங்கள் ஞாயிறு கட்டுரையில் கறுப்புப் பூனை மட்டுமே இடம்பெற்றிருந்தது. 1566இல் இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டில் நடந்த சூனிய வழக்கில் பேசப்பட்டதோ புள்ளிகள் கொண்ட வெள்ளைப் பூனை. அதன் பெயர் சாத்தான். எலிசபெத் பிரான்சிஸ் என்ற பெண் அதைக் கூடையில் வைத்து, ரொட்டியும் பாலும் கொடுத்து வளர்த்து, பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு கேக்குக்கு ஈடாக ஆக்னஸ் வாட்டர்ஹவுஸிடம் கொடுத்துவிட்டதாக வாக்குமூலம் கூறுகிறது. கம்பளி விரித்த பானையில் அதை வைத்திருந்த ஆக்னஸ், வறுமையில் அந்தக் கம்பளியே தேவைப்பட்டதால், பூனையைத் தேரையாக மாற்றிவிட்டாராம். (மந்திரம் தெரிந்தவருக்குக் கம்பளிக்கு வழியில்லை!) அவர் தூக்கிலிடப்பட்டார். தீய ஆவிக்கு உணவளிப்பதையே மரண தண்டனைக்குரிய குற்றமாக்கிய 1604ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்