உதவிக்கு மார்க் வேண்டாம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. வங்கிக் கிளை மேலாளர் ஆகிவிட்டாய் என்று படித்ததும் ஓடிப்போய் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். "அந்தப் புள்ள அப்பவே கெட்டிக்காரியாச்சே" என்றாள். மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறாள்.

ஊழியர் மதிப்பீட்டில் 'சக ஊழியருக்கு உதவும் குணம்' என்று ஒரு வரி சேர்த்து மார்க் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டி.

போன நவம்பரில், பென்ஷன்காரர்கள் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வந்து குவியும் நேரம். ஒருநாள் சாயங்காலம் எங்கள் புது கேஷியர் பையனுக்குக் கணக்கு டேலி ஆகவில்லை. ஐயாயிரம் குறைந்தது. கைக்காசு போட வேண்டுமே என்ற பயத்தில் யாரிடமும் வாய் திறக்காமல் ஒரே கட்டைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தான். பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய கடன் பிரிவு அக்கா அவன் முகத்தைப் பார்த்தார். எல்லார் முன்னாலும் "என்னாச்சு?" என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "நீ ஸ்லிப்பைப் படி, நான் டிக் அடிக்கிறேன்" என்றார். பணம் கொடுத்துவிட்டு எண்ட்ரி போடாத ஒரு சீட்டு அகப்பட்டது. அன்று மேலாளர் எப்போதோ வீட்டுக்குப் போயிருந்தார்.

இப்படிப்பட்ட உதவியை நிர்வாகவியல் பேராசிரியர் டென்னிஸ் ஆர்கன் 1988-இல் புத்தகமாக எழுதியபோது, தானாக மனம் வந்து செய்வது, முறையான வெகுமதித் திட்டத்தில் நேரடியாக இடம்பெறாதது என்றுதான் வரையறுத்தார். உணர்வு நுண்ணறிவைப் பற்றி உளவியலாளர்கள் சாலோவேயும் மேயரும் எழுதியது 1990-இல். தன் மனதையும் பிறர் மனதையும் கவனித்து, அதற்கேற்ப நடந்துகொள்வது என்றார்கள். அக்கா அந்தப் பையனின் பயத்தைக் கண்டுகொண்டது பாதிதான். அவன் கூனிக்குறுகாதபடி உதவியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நீ மார்க் போட ஆரம்பித்தால் உதவி உன் கண்ணெதிரே மட்டும் நடக்கும். நீ இல்லாதபோது தவிக்கிறவனை யார் பார்ப்பார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. முகம் பார்த்து உதவுகிறவர் தலையிலேயே எல்லாரும் வேலையைக் கட்டுவார்கள். யார் லீவு போட்டாலும் எங்கள் அக்காதான் பார்க்கிறார். அவர் களைத்துப் போயிருப்பதை யாரும் கேட்டதில்லை. உன் கிளையிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரைக் கண்டுபிடி. மாதக் கடைசியில் அவர் வேலையைப் பிரித்துக் கொடு, நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பு.

பொங்கலுக்கு வருகிறாயா? அந்தப் படிவத்தையும் எடுத்து வா, உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
சாந்தி