ஷெரிப் கோர்வினின் கணக்கு

ஆசிரியர் அவர்கட்கு,

அமெரிக்காவின் மசசூசெட்ஸில் உள்ள சேலத்தில் நடந்த சூனிய வழக்குகள் பற்றிய ஞாயிறு கட்டுரை, சூனியக்காரரை உயிரோடு எரித்தார்கள் என்றும் ஜோர்ஜ் கோர்வின் நீதிபதி என்றும் சொல்கிறது. அதில் சில திருத்தங்கள். அங்கே எவரையும் உயிரோடு எரிக்கவில்லை. 1692இல் ஜூன் 10 அன்று ஒருவர், ஜூலை 19 அன்றும் ஓகஸ்ட் 19 அன்றும் ஐந்தைந்து பேர், செப்டெம்பர் 22 அன்று எட்டுப் பேர் என 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஜோர்ஜ் கோர்வின் நீதிபதியும் அல்ல, 26 வயது ஷெரிப். நீதிபதியாக இருந்தவர் அவருடைய சிற்றப்பா ஜொனதன் கோர்வின். மாமனார் பார்த்தலோமியு கெட்னியும் அதே மன்றில்தான் அமர்ந்திருந்தார். ஒரே குடும்பத்துக்குள் எவ்வளவு வசதி!

நம் நாட்டுப் பிஸ்காலைப் போல, மன்றின் கட்டளையை நிறைவேற்றுவதுதான் ஷெரிப்பின் வேலை. தூக்கும், குற்றவாளியா இல்லையா என்று மன்றில் வாய் திறக்க மறுத்த கைல்ஸ் கோரிமேல் சாகும்வரை கல்லேற்றியதும் அந்தக் கணக்கில் வரும். கோர்வினின் சொந்தக் கணக்கு வேறு. இங்கிலாந்துச் சட்டப்படி ஒருவரின் பொருட்கள் குற்றவாளி எனத் தீர்ப்பான பிறகே அரசுக்குப் போகும். அதுவரை பட்டியல் எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான். சூனியக் குற்றம் சாட்டப்பட்ட ஜோன் புரொக்டர் வீட்டில் விசாரணைக்கு முன்பே கைவைத்தார்கள். மாடுகளில் சில பாதி விலைக்கு விற்கப்பட்டன, சில வெட்டப்பட்டு மேற்கிந்தியத் தீவுகளுக்கென்று பதமாயின. பீரைக் கீழே ஊற்றிவிட்டுப் பீப்பாயையும், சூப்பைக் கொட்டிவிட்டுப் பானையையும் எடுத்துப் போனதாக அக்காலத்து பொஸ்டன் வணிகர் ரொபேர்ட் கேலிஃப் எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

சொத்தைக் காக்கவே கோரி வாய் திறக்கவில்லை என்று கட்டுரை சொல்கிறது. அவர் ஜூலையிலேயே சொத்தை மருமக்கள் இருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். எவ்விதத் தீர்ப்பும் இல்லாமல் செத்த அந்த மனிதரின் குடும்பத்தையும் ஷெரிப் பறிமுதல் என்று மிரட்டவே, 11 பவுண் 6 ஷிலிங் கட்டினார்கள்.

சூனியக் குற்றம் சாட்டப்பட்டு நியூயோர்க்குக்குத் தப்பியோடிய வணிகர் பிலிப் இங்கிலிஷ் திரும்பிவந்து, பறிபோன பொருட்களுக்காகக் கோர்வினை விடாமல் துரத்தினார். கோர்வின் 1696இல், 30 வயதில் இறந்தார். கடனுக்கு ஈடாகப் பிணத்தைப் பிடித்து வைத்தார்கள் என்பது ஊர்ப்பேச்சு. கோர்வினின் சொத்திலிருந்து இங்கிலிஷுக்குக் கிடைத்த 60 பவுண் 3 ஷிலிங்தான் எழுத்தில் உள்ளது.

1711இல் பலரின் தண்டனையை நீக்கிய சட்டம் பாதிக்கப்பட்டோருக்கு 578 பவுண் 12 ஷிலிங் கிடைக்க வழி திறந்தது. சட்டப்படி செய்தவற்றுக்காக ஷெரிப், கொன்ஸ்டபிள், சிறைக்காவலர் எவர்மீதும் வழக்கு வைக்க முடியாது என்ற வரியும் அதிலேயே இருக்கிறது.

வரலாற்றுப் பாட ஆசிரியர்கள் இருவர்,
பண்டாரவளை.