மேற்கு ஜன்னலுக்கு எந்த லைனிங்?

கரூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. நிதானமாக உட்கார்ந்து பதில் எழுதவேண்டும் என்று இன்றுவரை வைத்திருந்தேன். புது வீட்டில் பால் காய்ச்சிய கையோடு குடியும் போய்விட்டீர்கள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. அண்ணனுடைய முழங்கால் வலிக்குத் தரைத்தளமாய்ப் பார்த்து வாங்கியது ரொம்ப நல்ல காரியம். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் காலையில் கிளம்பிவிடுகிறாள்.

சரி, ஸ்கிரீன் விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் எல்லா ஜன்னலுக்கும் வெளிச்சத்தையே அடைக்கிற பிளாக்அவுட் லைனிங் போடச் சொல்கிறார், தைக்கிறவர் ஸ்கிரீனுக்குப் பின்னால் வைக்கிற லைனிங்கே தண்டச்செலவு என்கிறார், நான் யார் பேச்சைக் கேட்பது என்று எழுதியிருந்தாய். இரண்டு பேர் சொல்வதும் வேண்டாம். எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, அந்த அறையில் யார் எப்போது தூங்குகிறார்கள் என்று மட்டும் பார். லைனிங் முக்கால்வாசி அதிலேயே முடிவாகிவிடும். இத்தனை வருஷம் ஏற்றுமதி யூனிட்டில் ஸ்கிரீன் வெட்டியும் தைத்தும் பார்த்ததில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்று உண்டு. முன்பக்கத் துணியில் கொஞ்சம் சிக்கனம் பிடித்தாலும் பரவாயில்லை, பின்னால் போடுகிற துணியில் பிடிக்கக்கூடாது. வெயிலை வாங்குவது அதுதான்.

முதலில் உன் அம்மாவின் பட்டுப்புடவை. அரக்குக் கரை போட்ட அந்த மாம்பழக் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு அவர் நம் பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அதைப் பெட்டியில் மடித்தே வைத்து மடிப்பில் இற்றுப்போக விடுவதைவிடத் தினமும் கண்ணில் படுகிற மாதிரி ஸ்கிரீனாகத் தைத்துத் தொங்கவிடலாம் என்று நீ நினைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஹாலின் மேற்கு ஜன்னலில் மட்டும் வேண்டாம், மீனா. பட்டுக்கு வெயில் ஆகவே ஆகாது. பருத்தி தாங்குகிற அளவுகூடப் பட்டு தாங்காது. முதலில் நிறம் வெளுக்கும், அப்புறம் இழை மொடமொடவென்று ஆகும், பிறகு ஒருநாள் இழுத்து மூடும்போது கையோடு கிழிந்து வரும். கண்ணாடிக் கதவை மூடித்தானே வைத்திருக்கிறோம் என்று நினைக்காதே. துணியைக் கெடுக்கிற புற ஊதாக் கதிரில் பெரும்பகுதி சாதாரணக் கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிடும். அருங்காட்சியகங்களில் பழைய பட்டுத் துணிகள்மேல் சுமார் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விழாமல் பார்த்துக்கொள்வார்கள். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கிற அளவு. உச்சி வெயில் 1,00,000 லக்ஸ்வரை போகும். உன் மேற்கு ஜன்னலில் சித்திரை மாதம் மூன்று மணிக்கு என்ன விழும் என்று நீயே யோசித்துக்கொள்.

அதனால் அந்தப் புடவை வடக்கு ஜன்னலுக்குப் போகட்டும். அங்கே அந்த அளவு வெயில் அடிக்காது. அங்கேயும் லைனிங் இல்லாமல் தொங்கவிடாதே. பட்டுக்குப் பின்னால் மெத்தென்ற ஒரு மெல்லிய ஃபிளானல் துணி, அதற்கும் பின்னால் ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கிற வெள்ளைக் காட்டன் சாட்டின். நடுவில் வருகிற அந்த ஃபிளானலை எங்கள் யூனிட்டில் இன்டர்லைனிங் என்போம். குளிர் நாடுகளில் அறைக்குள் சூடு தங்குவதற்காக அதைப் போடுகிறார்கள். உனக்கு அந்தத் தேவை இல்லை. ஆனால் பழைய பட்டுக்கு அது உடம்பு கொடுக்கும், மடிப்பு உருண்டையாக விழும், ஜரிகையும் பின்துணியில் உரசாது.

புடவையை எப்படி வெட்டுவது என்றும் சொல்லிவிடுகிறேன். ஐந்தரை மீட்டர் என்றால் 18 அடி. உன் ஜன்னல் உயரம் நாலு அடி. கம்பி கொஞ்சம் மேலே, தொங்கல் கொஞ்சம் கீழே என்று வைத்தால் தைத்து முடித்த நீளம் 5 அடி வேண்டும். மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் சேர்த்து ஓர் அடி விட்டு, ஆறு ஆறு அடியாய் மூன்று துண்டு வெட்டலாம். கரை இரண்டு ஓரத்திலும் நெட்டுவாக்கில் இறங்கும், அதுவே அழகு. முந்தானைத் துண்டை நடுவில் வை. மூன்று துண்டின் அகலம் சேர்ந்து 11 அடிக்குமேல் வரும். ஸ்கிரீன் துணி ஜன்னல் அகலத்தைப்போல் இரண்டு மடங்காவது இருந்தால்தான் சுருக்கம் நன்றாக விழும் என்பதால், ஐந்தரை அடி ஜன்னல்வரைக்கும் இது போதும்.

இப்போது மேற்கு ஜன்னல். அதற்குக் கெட்டியான காட்டன் எதுவானாலும் எடு. லைனிங்குக்கு வெள்ளை அல்லது க்ரீம் நிறக் காட்டன் சாட்டின், வழவழப்பான பக்கம் கண்ணாடியைப் பார்த்து இருக்கவேண்டும். வெள்ளை நிறம் வெயிலில் ஒரு பங்கையாவது வந்த வழியே திருப்பி அனுப்பும். கலர் லைனிங் போட்டால் வெளிச்சம் அதன் வழியே வரும்போது அறையே அந்த நிறத்துக்கு மாறிவிடும். ஐப்பசி மழையில் சாரல் அடித்து நனைந்தால் சாயம் முன்துணியிலும் ஏறும். கடையில் லைனிங்கைத் தனியாக விரித்துப் பார்த்து வாங்காதே. ஸ்கிரீன் துணியையும் அதையும் ஒன்றாகச் சேர்த்து, வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடி. டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. பூப்போட்ட துணி சில நேரம் லைனிங் சேர்ந்ததும் பளிச்சென்று எடுக்கும், சில நேரம் மங்கிப்போகும். நெசவு நெருக்கமில்லாத லினன் துணி நிறமே வேறாகத் தெரியும்.

பிளாக்அவுட் உன் மருமகள் அறைக்கு மட்டும் போதும். ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற பிள்ளைக்கு இருட்டு வேண்டும், அதில் கஞ்சத்தனம் பார்க்காதே. அந்தத் துணியின் முதுகில் நுரைமாதிரி ஒரு பூச்சு இருக்கும். நல்ல சரக்கில் வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மூன்று தடவை பூசியிருப்பார்கள். நடுவில் இருக்கிற கறுப்புதான் வெளிச்சத்தை நிறுத்துகிறது. கடையில் செல்போன் டார்ச்சைத் துணிக்குப் பின்னால் ஒட்டிப் பிடித்துப் பார். ஊசிமுனை அளவுகூடத் தெரியக்கூடாது. தைக்கும்போது ஒருமுறை போட்ட தையலைப் பிரித்து மறுபடி தைக்க விடாதே, ஒவ்வொரு ஊசித்துளை வழியும் பொட்டுப் பொட்டாய் வெளிச்சம் வரும். துணி என்னதான் நல்லதாக இருந்தாலும் ஓரத்தில் இடைவெளி விட்டால் வீண். கம்பி ஜன்னலைவிட இரண்டு பக்கமும் நாலைந்து அங்குலம் அதிகம் நீளட்டும், ஸ்கிரீனின் ஓரம் திரும்பிப்போய்ச் சுவரைத் தொடட்டும்.

மற்ற அறைக்கெல்லாம் அது ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், பூச்சு போட்ட துணியில் காற்று போகாது. நம் ஊர் மழைக்காலத்தில் ஈரம் உள்ளேயே நின்று கறுப்புப் புள்ளி விழும். முறுக்கிப் பிழிந்தால் பூச்சு உரியும், சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் ஒட்டிக்கொள்ளும். மாமியார் அறையில் போட்டால் அவருக்குப் பகல் எது ராத்திரி எது என்றே தெரியாமல் போய்விடும். வயசானவர்கள் அறையில் காலை வெளிச்சம் வந்தாகவேண்டும். அவர் ஜன்னல் கிழக்குப் பார்த்தது என்று எழுதியிருந்தாய். சாதாரணக் காட்டன் லைனிங் அங்கே தாராளம். சமையலறை ஜன்னலுக்கு லைனிங்கே வேண்டாம், வாரம் ஒருமுறை அலசிப்போடுகிற மாதிரி ஒற்றைத் துணி போதும்.

தைக்கிறவரிடம் இவற்றையெல்லாம் வாயால் சொல்லாமல் எழுதியே கொடுத்துவிடு. லைனிங் துணியை முதலில் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தித்தான் வெட்டவேண்டும். ரவிக்கை லைனிங்குக்கு நாம் செய்கிறோமே, அதேதான். நூற்றுக்கு நாலு பங்கு சுருங்கினாலே ஆறு அடித் துணியில் கிட்டத்தட்ட மூன்று அங்குலம் போய்விடும். அப்புறம் முதல் சலவையிலேயே லைனிங் மேலே இழுத்து, முன்துணி கோணிக்கொண்டு நிற்கும். அதனால்தான் அடித்தொங்கலில் இரண்டு துணியையும் சேர்த்துத் தைக்கக்கூடாது என்கிறேன். தனித்தனியாக மடித்து அடித்து, லைனிங்கை ஓர் அங்குலம் மேலே நிறுத்தச் சொல்.

இன்னொன்று. மேல் ஓரத்தில் துளை போட்டுக் கம்பி கோக்கிற வளையம் வைத்துத் தைக்காதே, இப்போது எல்லா வீட்டிலும் அதுதான் என்று சொன்னாலும் கேட்காதே. வளையம் போட்டால் இரண்டு துணியும் சேர்த்து அடைபட்டுவிடும், பிரிக்க வழியில்லை. கொக்கி நாடா வைத்துப் பிளீட் பிடித்தால் லைனிங்கைத் தனியாக மாட்டிக்கொள்ளலாம். மேற்கு ஜன்னலில் எப்படியும் சில வருஷத்தில் லைனிங் நைந்துவிடும். அப்போது அதை மட்டும் கழற்றி மாற்றினால் போதும். வடக்கு ஜன்னலில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அம்மா புடவையை நீ தண்ணீரில் போடவே கூடாது. லைனிங்கை மட்டும் கழற்றித் துவைத்து மாட்டிக்கொண்டே இருக்கலாம். அங்கே மூன்று அடுக்கு சேர்ந்து கனம் இருக்கும். கம்பியின் நடுவிலும் ஒரு பிராக்கெட் அடிக்கச் சொல்.

ஜன்னல்களின் அகலத்தையும் உயரத்தையும் அண்ணனை எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பு. எந்த ஜன்னல் எந்தப் பக்கம் என்று மறக்காமல் எழுது. காட்டன் சாட்டின் இங்கே மீட்டர் கணக்கில் வாங்கி, நனைத்து உலர்த்தியே அனுப்பிவைக்கிறேன். புடவையில் மட்டும் என் கடிதத்தைக் காட்டிவிட்டுத்தான் கத்தரி வைக்கச் சொல். முடிந்தால் நான் வருகிறவரைக்கும் வைத்திரு. தை மாதம் சின்னவளுக்கு நாலு நாள் லீவு வரும், அப்போது இரண்டு பேரும் வருகிறோம். அதை நானே வெட்டித் தருகிறேன்.

அன்புடன்,
சாந்தி