செடிச் சந்தைக்குக் கிளம்பும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

தாவரவியல் பூங்காவில் நடக்கும் இலையுதிர்காலச் செடிச் சந்தைக்குப் போனால், நேரே கடைகளுக்குள் நுழைந்துவிடாதே. முதலில் பூங்காவை ஒரு சுற்று சுற்றி வா. தொட்டியில் முழங்கால் உயரம் நிற்கிற செடி முப்பது வருடத்தில் என்னவாகும் என்பதை அங்கேதான் பார்க்க முடியும். கட்சுரா மரத்தையே எடுத்துக்கொள். உதிர்ந்த இலை காய்ச்சிய சர்க்கரை மாதிரி மணக்கும், யாருக்கும் ஆசை வரும். ஆனால் 10 மீட்டரைத் தாண்டி வளர்கிற மரம் அது.

பிடித்த செடியின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துக்கொள். ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பது ரகத்தின் பெயர், அதை விட்டுவிடாதே. வெறுமனே ஜப்பான் மேப்பிள் என்று கேட்டால் இடுப்பளவில் படர்வதும் கிடைக்கும், மரமாக நிமிர்வதும் கிடைக்கும். பலகையில் ஓர் எண்ணும் இருக்கும். பல பூங்காக்களில் அதன் தொடக்கம் செடி அங்கே வந்த வருடம். அதை வைத்துக் கணக்குப் போட்டால் எவ்வளவு காலத்தில் இவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது பிடிபடும்.

கடையில் பூவைப் பார்த்து மயங்காதே, வேரைப் பார். விற்பவரிடம் கேட்டுவிட்டுத் தொட்டியைச் சாய்த்து, செடியை மெல்ல உருவு. வெளுத்த வேர்கள் மண்ணைக் கவ்வி, கட்டி உடையாமல் வந்தால் நல்ல செடி. மண் பொலபொலவென்று உதிர்ந்தால் நேற்றுத்தான் பெரிய தொட்டிக்கு மாற்றியிருக்கிறார்கள், நீ காசு கொடுப்பது தொட்டிக்கு. வேர் கறுத்து வழவழத்து நாறினால் அழுகல். மண்ணுக்குள் பழுப்புத் தலையோடு சுருண்ட வெள்ளைப் புழு தெரிந்தால் அங்கேயே வைத்துவிடு. அது வேரைத் தின்கிற வண்டின் குஞ்சு. இலை ஓரத்தில் அரைவட்டமாகக் கடித்த தடமும் அந்த வண்டின் வேலைதான்.

பூக்கிழங்குகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார். அடிப்பக்கம் மெத்தென்று அமுங்கினால் வேண்டாம். நடும் ஆழம் கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு. நார்சிசஸை உடனே நடு. டியூலிப்பைக் குளிர் நன்றாக இறங்கும்வரை தள்ளிப்போடு, பூஞ்சை நோய் குறையும். பியோனி என்ற பூச்செடி மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. அதன் வேர்க்கட்டியின் தலையில் இருக்கும் சிவந்த முளைமொட்டுகளுக்கு மேல் 2.5 முதல் 5 செ.மீ. மண் போதும். அதற்கும் கீழே புதைத்தால் வருடக்கணக்கில் இலை மட்டும்தான்.

இந்தப் பருவத்தில் காற்று குளிர்ந்தாலும் மண்ணில் கோடைச் சூடு மிச்சம் இருக்கும், வேர் பிடிக்கும். அதனால் வாங்கிய தொட்டிச் செடிகளைத் தள்ளிப்போடாமல் நட்டுவிடு. குளிர் தாங்காத செடிகளை மட்டும் வசந்தத்தில் வாங்கிக்கொள்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியை வாளித் தண்ணீரில் அமுக்கு, குமிழி நின்றதும் எடு. குழி அகலம் வேர்க்கட்டியைப் போல இரு மடங்கு, ஆழம் வேர்க்கட்டியின் உயரம்தான், ஒரு விரல்கூட அதிகம் வேண்டாம். தண்டின் அடி புதைந்தால் அழுகும். வளையமாகச் சுற்றிய வேர்களைப் பிரித்துவிடு, பிரியாவிட்டால் கத்தியால் கீறு. மண்ணின் மேல் இலைதழை மூடாக்கு 5 செ.மீ. போடு, தண்டைத் தொடாமல். மழை பெய்தாலும் முதல் சில வாரம் அடியில் தண்ணீர் ஊற்று. தொட்டி மண் சுற்றியுள்ள மண்ணைவிடச் சீக்கிரம் காய்ந்துவிடும்.

பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுது. பேனா மை வெயிலில் வெளுத்துப்போகும்.

அன்புடன்,
அக்கா